மயக்கத்தில் இருப்பவர் உண்மையிலேயே மயக்கத்தில்தான் இருக்கிறாரா?

முழு மயக்கம் பற்றியும், அந்த நேரத்தில் மூளையின் மின் அலையை அளக்கும் கருவிகள் பற்றியும் வந்த கேள்விகளை இம்முறை சேர்த்துத் தருகிறோம். நோயாளிகளின் வீட்டார் கேட்டவையும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்பவர்கள் கேட்டவையும் உண்டு. பதில்கள் மயக்கவியல் மருத்துவர்களுடையவை.

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நெற்றியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். மானிட்டரில் 46 என்று ஓர் எண் ஓடியதாக நர்ஸ் சொன்னார். அப்படியானால் 46 சதவீதம்தான் மயக்கமா? மீதி விழிப்பா? – பட்டுக்கோட்டை வாசகர்

சதவீதக் கணக்கே இல்லை இது. பை-ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ் என்பது முழுப் பெயர். தியேட்டரில் 'பிஸ்' என்பார்கள். 0 முதல் 100 வரை உள்ள அளவுகோல். நன்றாக விழித்திருப்பவருக்கு 90-க்கு மேல் காட்டும். ஆபரேஷன் நடக்கும்போது 40-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கும்படி மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். 0 என்றால் மூளையலை தட்டையாகிவிட்டது என்று பொருள். அம்மாவின் 46 நல்ல இடம்.

அந்த எண் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். மூளையின் மேற்பரப்பில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மின்னழுத்தம், மண்டையோட்டைத் தாண்டி நெற்றித் தோலுக்கு வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். இதயத்தின் இ.சி.ஜி. ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதோடு பார்த்தால் இது யானைக்குப் பக்கத்தில் எறும்பு. இந்தச் சின்ன அலையைப் பெருக்கி, கருவி முக்கியமாக மூன்று விஷயங்களைக் கணக்கிடுகிறது. நொடிக்கு 30 முதல் 47 தடவை அதிரும் வேகமான அலைகள், 11 முதல் 20 தடவை அதிரும் அலைகளோடு ஒப்பிட எவ்வளவு இருக்கின்றன என்பது ஒன்று. வெவ்வேறு வேகத்தில் ஓடும் அலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைந்திருக்கின்றன என்பது இன்னொன்று. நடுநடுவே அலை செத்துப்போய்த் தட்டையாகக் கிடக்கும் நேரம் எவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை நிறைய நோயாளிகளின் பதிவுகளை வைத்து வடித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் கிடைத்தது. கலவையின் முழுச் சூத்திரத்தை நிறுவனம் வெளியிட்டதில்லை.

ஆகவே, தெர்மாமீட்டர் சூட்டை அளப்பதுபோல இது பிரக்ஞையை அளக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 'இந்த மாதிரி அலை ஓடியவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி நிலையில் இருந்தார்கள்' என்கிற ஊகத்தைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அதுவும் கொஞ்சம் பழைய ஊகம். அலையைச் சேர்த்துச் சராசரி பார்த்துச் சொல்வதால், நிலை மாறிய பிறகு எண் மாறுவதற்குச் சில நொடிகள் ஆகலாம். ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

மயக்கத்தில் மனதில் உள்ள ரகசியத்தையெல்லாம் உளறிவிடுவார்களா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்பூர்

குரல் நாண்களுக்கு நடுவே ஒரு குழாய் போயிருக்கும்போது யாராலும் எதையும் உளற முடியாது. மருந்து ஏறும்போதும் தெளியும்போதும் ஓரிரு வார்த்தை குழறலாம்; பெரும்பாலும் 'தண்ணி', 'முடிஞ்சுதா' இவைதான். தைரியமாகப் போய் வாருங்கள்.

இந்தக் கருவியெல்லாம் வருவதற்கு முன் மயக்கத்தின் ஆழத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

பாஸ்டன் நகரில் 1846 அக்டோபர் 16 அன்று ஈதரைப் பலர் முன்னிலையில் கொடுத்துக் காட்டியதிலிருந்து நெடுங்காலம் கண்ணும் விரலும்தான் கருவி. மூச்சின் போக்கு, கண்மணியின் அகலம், கண்விழி அசைவு, இமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா என்பது. இவற்றை வைத்து ஆர்தர் கெடல் ஈதர் மயக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தார். ஈதர் மெதுவாக ஏறும் மருந்து; ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்க்க முடிந்தது. இன்றைய தூக்க ஊசியான ப்ரோபோஃபால் அரை நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடுகிறது. படிகளை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை.

இந்த அடையாளங்களுக்குப் பெரிய அடி தசை தளர்த்தி மருந்துகளால் விழுந்தது. வயிற்றைத் திறக்கவும் மூச்சுக்குழாய் செலுத்தவும் தசைகளைத் தளர்த்தியாக வேண்டும். தளர்ந்தவர் விழித்திருந்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சின் போக்கும் வென்டிலேட்டர் கையில். மிச்சம் இருப்பது நாடி, ரத்த அழுத்தம், வியர்வை, கண்ணீர். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி எகிறாது. ரத்தம் நிறைய இழந்தவருக்கு அழுத்தம் ஏறாது. இப்படிப் பலருக்கு இந்த அடையாளங்களும் கைவிட்டுவிடும்.

1960-களில் எட்மண்ட் எகரும் கூட்டாளிகளும் 'மாக்' என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். கத்தி வைக்கும்போது பாதிப் பேர் அசையாமல் இருப்பதற்கு நுரையீரலின் கடைசிக் காற்றில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதே மாக். 40 வயதுக்காரருக்குச் செவோஃப்ளூரேன் என்ற வாயு மருந்து என்றால் சுமார் 2 சதவீதம். வயது ஏற ஏறக் குறையும். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம். இன்றும் தியேட்டரில் தினமும் புழங்குகிற, நல்ல அளவு இது. ஆனால் இது அசைவுக்கான அளவு. அசைவை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது. 1993-இல் எலிகளின் முன்மூளையை நீக்கிவிட்டு அளந்தபோதும் மாக் மாறவில்லை! சொன்ன சொல்லுக்குக் கண் திறப்பதை நிறுத்த மாக்கில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதால், மாக் அளவுக்குப் பக்கத்தில் வாயு மருந்து போய்க்கொண்டிருந்தால் நடைமுறையில் கவலை குறைவு.

மூளையலையைப் பார்க்கலாம் என்ற யோசனையும் புதிதில்லை. ஜெர்மனியின் யேனாவில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையலையை முதலில் பதிவு செய்தது 1924-இல். மயக்க மருந்து அந்த அலையை மாற்றுகிறது, இதை வைத்து ஆழம் பார்க்கலாம் என்று 1937-இலேயே எழுதிவிட்டார்கள். அறை நிறையும் இயந்திரம் கைப்பெட்டியாகச் சுருங்கத்தான் அறுபது ஆண்டு ஆனது.

ஆபரேஷன் நடுவில் சிலர் விழித்துக்கொள்வதாகப் படித்தேன். எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? ஒரு இடத்தில் ஆயிரத்தில் ஒருவர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் இருபதாயிரத்தில் ஒருவர் என்கிறார்கள். – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இரண்டும் சரி. கேட்ட விதம் வேறு.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின் முடிவு 2014-இல் வந்தது. நோயாளி தானாக வந்து 'எனக்கு நினைவு இருந்தது' என்று சொன்ன சம்பவங்களை மட்டும் எண்ணினார்கள். சுமார் 19,000 பேருக்கு ஒருவர். தசை தளர்த்தி கொடுத்தவர்களில் 8,000-க்கு ஒருவர்; கொடுக்காதவர்களில் 1,36,000-க்கு ஒருவர். முழு மயக்கத்தில் சிசேரியன் செய்துகொண்டவர்களில் 670-க்கு ஒருவர். தளர்த்திதான் வில்லன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்தச் சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு நடு ஆபரேஷனில் நடக்கவில்லை. மயக்கம் ஏறும்போதும் தெளியும்போதும் நடந்தன. தூக்க ஊசி வேலை முடிந்து, வாயு மருந்து இன்னும் ஏறாத இடைவெளி ஒன்று. தூக்கம் தெளிந்தும் தளர்த்தி முழுதாக விலகாத நேரம் மற்றொன்று. தயோபென்டோன் என்ற தூக்க ஊசிக்குப் பதிலாக ஆன்டிபயாட்டிக் சிரிஞ்சைச் செலுத்திவிட்ட பிழைகளும் அதில் இருந்தன. இரண்டும் கரைத்துவைக்கும் பொடி மருந்துகள், சிரிஞ்சில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்.

ஆயிரத்தில் ஒருவர், இருவர் என்ற கணக்கு வேறு வழியில் வந்தது. கண் விழித்த பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும் போய், அமைத்துவைத்த கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இத்தனை பேர் சொல்வார்கள். தானாகச் சொல்லாதவர் கேட்டால் சொல்கிறார்.

மூன்றாவது வழி இன்னும் கலக்கமானது. மைக்கேல் டன்ஸ்டால் 1977-இல் எழுதிய 'தனிக்கை' முறை. தளர்த்தி மருந்து போடும் முன்பே ஒரு கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, அழுத்தத்தைச் சிஸ்டாலிக் எனப்படும் மேல் ரத்த அழுத்தத்துக்கு மேலே நன்றாக ஏற்றிவிட வேண்டும். உடம்பெல்லாம் தளர்ந்துபோகும், அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. பிறகு காதருகே பெயரைச் சொல்லி 'என் கையை அழுத்துங்கள்' என்று கேட்க வேண்டும். பட்டையை இருபது நிமிடம்போல்தான் விட்டுவைக்கலாம். அதற்கு மேல் ரத்தம் இல்லாமல் கையே மரத்து, அழுத்த நினைத்தாலும் முடியாது. பல நாடுகளில் சேர்த்து 260 பேரிடம் குழாய் செலுத்திய உடனே இப்படிக் கேட்டு 2017-இல் முடிவு வெளியிட்டார்கள்: 4.6 சதவீதம் பேர் அழுத்தினார்கள். 18 முதல் 40 வயது வரை உள்ள 338 பேரில் செய்தது 2023-இல் வந்தது: 11 சதவீதம். இப்படி அழுத்தியவர்களில் பெரும்பாலோர்க்கு எழுந்த பிறகு எதுவும் நினைவிருப்பதில்லை.

அப்போது விழித்திருந்தாரா, இல்லையா? அந்த நொடியில் சொல் காதில் விழுந்து, புரிந்து, கை கேட்டிருக்கிறது. நினைவு மட்டும் பதியவில்லை. நினைவில்லை என்பதால் நடக்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நெற்றிப் பட்டையின் எண்கள் இந்தக் கை அழுத்துபவர்களைச் சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் தியேட்டர் டெக்னீஷியன். பட்டை ஒட்டினால் பாதி நேரம் எண் வருவதில்லை, அல்லது வந்து வந்து மறைகிறது. எங்கே தவறு? – சேலம்

பத்தில் எட்டுத் தடவை தோல்தான் காரணம். நெற்றியில் எண்ணெய், விபூதி, பவுடர், வியர்வை இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடையுங்கள். பிறகு காய விடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் ஜெல் கரைந்து வழியும். பக்கத்து எலெக்ட்ரோடின் ஜெல்லோடு அது சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே எலெக்ட்ரோடு ஆகி, அலை தட்டையாகத் தெரியும்.

நான்கு வட்டம் உள்ள பட்டையில் முதல் வட்டம் நெற்றியின் நடுவில், மூக்குத் தண்டு தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் மேலே. நான்காவது புருவத்தை ஒட்டி அதற்கு மேலே. மூன்றாவது பொட்டில், கண் ஓரத்துக்கும் முடி தொடங்கும் கோட்டுக்கும் நடுவில். முதலில் ஓரங்களை அழுத்தி ஒட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியாக 5 நொடி அழுத்திப் பிடியுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் சின்ன முட்கள் மேல்தோலைத் துளைத்தால்தான் மின்தடை இறங்கும். நேரே வட்டத்தின் நடுவை மட்டும் குத்தினால் ஜெல் வெளியே பிதுங்கும். அதனால்தான் ஓரம் முதலில். தடை 7.5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் மானிட்டர் 'பாஸ்' காட்டும்.

இன்னும் வரவில்லையா? உறையைப் பிரித்து நேற்றே வைத்த பட்டையா, காலாவதி ஆனதா பாருங்கள், ஜெல் காய்ந்திருக்கும். ஒருவருக்கு ஒட்டியதைக் கழற்றி அடுத்தவருக்கு ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தொற்று அபாயம் ஒரு பக்கம்; முட்கள் மழுங்கி, தடை ஏறி, எண்ணும் பொய்யாகும். ஒயரின் முனை முழுதாக நுழைந்து 'கிளிக்' சத்தம் கேட்டதா என்றும் பாருங்கள்.

எண் வந்து மறைந்தால் திரையில் சிக்னல் தரம் காட்டும் பட்டையைப் பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் எண்ணை நம்ப வேண்டாம். 15-க்குக் கீழே போனால் கருவியே எண்ணை மறைத்துவிடும். கால்ட்டரி (மின்சூட்டால் வெட்டி ரத்தத்தை அடைக்கும் கருவி) ஓடும்போது இப்படி ஆவது சகஜம், நிறுத்தியதும் திரும்பும். கால்ட்டரி ஒயரும் சென்சார் ஒயரும் ஒரே கட்டாகப் போகாமல் பிரித்துவிடுங்கள். தலைப்பக்கம் வெப்பக் காற்றுப் போர்வையின் குழாய் உரசினாலோ, மூக்கு ஆபரேஷனில் ஷேவர் ஓடினாலோ அந்த அதிர்வை மூளையலை என்று எண்ணி எண் ஏறும். போர்வையை நகர்த்தினால் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை.

முக்கியமான ஒன்று: பட்டையை ஆள் விழித்திருக்கும்போதே ஒட்டுங்கள். அவருடைய 97 எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிறகு வரும் 45-க்கு அர்த்தம். சிலருக்குப் பிறவியிலேயே மூளையலையின் உயரம் குறைவு. விழித்திருக்கும்போதே எண் தாழ்வாக இருக்கும்.

கெட்டமைன் கொடுத்த பிறகு பிஸ் 40-லிருந்து 60-க்கு மேல் ஏறுகிறது. ஆழம் குறைந்துவிட்டது என்று செவோஃப்ளூரேனைக் கூட்டலாமா? எண்ணை எப்போது நம்பக் கூடாது? – மயக்கவியல் முதுநிலை மாணவி, மதுரை

கூட்டக் கூடாது. கெட்டமைன் வேலை செய்யும் விதமே வேறு. ப்ரோபோஃபாலும் வாயு மருந்துகளும் நரம்பணுக்களை அடக்கும் காபா ஏற்பியைப் பிடித்து மூளையை மெல்ல ஓடும் அலைக்குத் தள்ளுகின்றன. கெட்டமைன் நரம்பணுக்களைத் தூண்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்து, 25 முதல் 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை தடவை) வரை உள்ள வேகமான அலைகளைக் கிளப்பிவிடுகிறது. வேகமான அலை என்றால் விழிப்பு என்று எழுதப்பட்ட சூத்திரம் எண்ணை ஏற்றுகிறது. உடல் எடைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்தாலே இது நடக்கும். நைட்ரஸ் ஆக்ஸைடு இன்னொரு விதம்: 70 சதவீதம் கொடுத்தாலும் எண் அசைவதில்லை.

எதிர்ப்பக்கத்து ஏமாற்று ஆபத்தானது. 2015-இல் ஆஸ்திரேலியாவில் 10 தன்னார்வலர்களுக்கு, விழித்திருக்கும்போதே, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் தசை தளர்த்தியை மட்டும் கொடுத்தார்கள். தனிக்கை முறையில் ஒரு கை மட்டும் வேலை செய்தது. அதை வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் பிஸ் எண் ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லும் அளவுக்குக்கூட இறங்கியது. நெற்றித் தசையின் மின்துடிப்பு 30 ஹெர்ட்ஸுக்கு மேலே பரவிக் கிடக்கும். கருவி அதையும் விழிப்பின் அடையாளமாகச் சேர்த்துக்கொள்கிறது. தளர்த்தி அந்தத் துடிப்பை அழித்ததும் எண் விழுகிறது. ரோகுரோனியம் என்ற தளர்த்தி கொடுத்த உடனே எண் இறங்கினால் அது மயக்கத்தின் ஆழம் என்று எண்ணிவிடாதீர்கள். தளர்த்தி விலகும்போது எண் ஏறினால் தசையாலும் இருக்கலாம், விழிப்பாலும் இருக்கலாம். தசைத் துடிப்புக் காட்டியைச் சேர்த்துப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கினாலும், உடல் குளிர்ந்தாலும், மூளைக்கு ரத்தம் குறைந்தாலும் எண் இறங்கும். மருந்தைக் குறைப்பதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டிய இடம் அது.

எண்ணுக்குக் கீழே ஓடும் அலையையே படித்துப் பழகுங்கள். இ.சி.ஜி. படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இது ஒரு மாதப் பயிற்சி. திரையில் நிற அலைப்படம் இருந்தால் இன்னும் சுலபம்: கிடையில் நேரம், நெட்டில் ஹெர்ட்ஸ், சிவப்பு என்றால் சக்தி அதிகம். ப்ரோபோஃபாலில் நல்ல மயக்கம் என்றால் இரண்டு சிவப்புக் கோடுகள் தெரியும். கீழே 4 ஹெர்ட்ஸுக்குள் ஒன்று, 8 முதல் 12-க்குள் இன்னொன்று; இதுதான் ஆல்ஃபா. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எமரி பிரவுன், பாட்ரிக் பர்டன் குழுவினர் இந்தப் படங்களை மருந்து வாரியாக வகுத்துத் தந்தார்கள். கண் மூடி விழித்திருக்கும்போது பின்தலையில் ஓடும் ஆல்ஃபா அலை, ப்ரோபோஃபாலில் முன்நெற்றிக்கு இடம் மாறி வருகிறது. செவோஃப்ளூரேனில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் 4 முதல் 8 வரையும் நிரம்பி, ஒரே பட்டையாகத் தெரியும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தில் இயல்பான தூக்கத்தில் வருவதுபோல் 12 ஹெர்ட்ஸை ஒட்டிச் சின்னச் சின்னக் கதிர்கள். கத்தி வைத்ததும் ஆல்ஃபா கோடு மங்கினால் வலி மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்று பொருள். தூக்க மருந்துக்கு முன் ஃபெண்டனில் என்ற வலி மருந்தை யோசியுங்கள்.

வயதானவர்களுக்கு ஆல்ஃபா கோடு மெலிந்துவிடும். எண்பது வயதில் இருபது வயதுப் படத்தைத் தேடி மருந்தை ஏற்றாதீர்கள்.

வாயு மருந்து இல்லாமல் ஊசி மூலமே முழு மயக்கமும் கொடுப்பதாக டாக்டர் சொன்னார். அதில் இந்தப் பட்டை அவசியமா? – வாசகர், யாழ்ப்பாணம்

அவசியம் என்போம். வாயு மருந்து கொடுத்தால் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு வெளியே வருகிறது என்று மானிட்டர் அளந்து காட்டும், 0.7 மாக்குக்குக் கீழே போனால் கத்தவும் செய்யும். ப்ரோபோஃபால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தியேட்டரில் அளக்க நடைமுறையில் வழியில்லை. மருந்தைச் செலுத்தும் பம்ப் தன் திரையில் காட்டுவது கணக்கு, அளந்த அளவு இல்லை. ரத்தக் குழாயில் செருகிய கேனுலா நழுவி மருந்து தோலுக்கடியில் போனாலும் பம்ப் அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் கேனுலா இருக்கும் கையைத் துணிக்குள் மூடாமல் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சலைன் சேரும் இடத்தில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நோயாளிக்குப் போகாமல் சலைன் குழாயில் மேலேறும். மருந்து 1 சதவீதமா 2 சதவீதமா என்று பம்பில் தவறாக அழுத்தினால் அளவு பாதியாகும் அல்லது இரட்டிக்கும். இவற்றில் எது தவறினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது மூளையலைதான். ஊசி வழி மயக்கத்தோடு தசை தளர்த்தியும் கொடுத்தால் மூளையலைக் கருவி வைக்கச் சொல்லி பிரிட்டனின் மயக்கவியல் சங்கம் 2018-இல் பரிந்துரைத்தது.

எல்லா ஆபரேஷனுக்கும் 'பிஸ் வையுங்கள்' என்று நாம் கேட்டு வாங்க வேண்டுமா? தனியாகப் பணம் வாங்குகிறார்கள். – கோயம்புத்தூர் வாசகி

வாயு மருந்தில் நடக்கும் சாதாரண ஆபரேஷனுக்குக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. 2004-இல் நடு விழிப்பு ஆபத்து அதிகமுள்ள 2,463 பேரில் நடந்த ஆய்வில், பிஸ் வைத்தவர்களில் 2 பேருக்கும், வழக்கமான கவனிப்பில் 11 பேருக்கும் நடு விழிப்பு இருந்தது. பட்டை ஜெயித்தது. 2011-இல் சுமார் 6,000 பேரில், வெளிவரும் வாயு மருந்தின் அளவுக்கு அலாரம் வைப்பதோடு பிஸ்ஸை ஒப்பிட்டார்கள். பிஸ் பக்கம் 7 பேர், வாயு அலாரம் பக்கம் 2 பேர். சும்மா விடுவதைவிடப் பட்டை மேல். ஒழுங்காக அலாரம் வைத்த வாயு மருந்துக்கு அது மேல் இல்லை.

காசைவிட முக்கியமாக, முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை உண்டு: முன்னொரு ஆபரேஷனில் விழிப்பு வந்ததா, தினசரி குடிப்பழக்கம், தூக்க மாத்திரை அல்லது வலி மாத்திரை நாள்பட்ட பழக்கம், பீட்டா பிளாக்கர். குடிப்பழக்கத்தைப் பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

தாத்தாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள் ஆளையே அடையாளம் தெரியாமல் பேசினார். மயக்கம் அதிகம் கொடுத்ததால்தானே? – விழுப்புரம் வாசகர்

இருக்கலாம், அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. மருந்து மிகுந்தால் அலை சிறிது நேரம் வெடித்தெழுந்து, சிறிது நேரம் தட்டையாகக் கிடக்கும். அரை நொடிக்கு மேல் தட்டையாகக் கிடந்தால் கருவி அதைக் கணக்கில் சேர்க்கும். முதியவர்களிடம் இந்தத் தட்டை நேரம் நீண்டால் பிறகு குழப்பம் வருவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மருந்தைக் குறைத்தால் குழப்பம் குறையுமா? 2013-இல் ஹாங்காங்கில் 921 பேரில் பார்த்தபோது 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. 2019-இல் அமெரிக்காவில் 1,232 பேரில் பார்த்தபோது குறையவில்லை. 2024-இல் கனடாவில் இதய ஆபரேஷன் நோயாளிகளிடமும் குறையவில்லை. எண் 50-ஐ ஒட்டி வைத்தவர்களையும் 35-ஐ ஒட்டி வைத்தவர்களையும் ஒப்பிட்ட இன்னொரு ஆய்வின் ஒரு பகுதியில் 19 சதவீதம், 28 சதவீதம் என்று வித்தியாசம் தெரிந்தது.

எங்கள் எண்ணம்: கொஞ்சம் மருந்துக்கே அலை தட்டையாகும் மூளை ஏற்கெனவே தளர்ந்த மூளை, அது குழப்பத்துக்கும் எளிதில் ஆளாகும். தட்டையாக விடாமல் பார்த்துக்கொள்வது செலவில்லாத நல்ல பழக்கம் என்பதால் அதைச் செய்கிறோம். தாத்தாவுக்கு வலி, நோய்த்தொற்று, தூக்கமின்மை, கண்ணாடியும் காது மெஷினும் கழற்றி வைத்தது, உப்புச்சத்து குறைந்தது எல்லாம் கூட்டுச் சேர்ந்திருக்கலாம். அடுத்த முறை கண்ணாடியை விழித்த உடனே போட்டுவிடுங்கள், வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்கும் இந்த எண் பொருந்துமா? – தஞ்சாவூர் வாசகி

பொருந்தாது. ஒரு வயதுக்குக் கீழே எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. பிறந்த குழந்தைக்கு மயக்கத்தில் மெல்லிய அலை மட்டும் இருக்கும். ஆல்ஃபா நான்கு மாதம் வாக்கில்தான் எட்டிப்பார்க்கும். வாயு மருந்தின் அளவே துணை.

பிரக்ஞையை நிஜமாகவே அளக்கும் கருவி ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் ஊகம்தானா? – தத்துவ மாணவர், சென்னை

நெருங்கி வந்தது ஒன்று உண்டு. பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. இத்தாலியின் மிலானில் மார்செல்லோ மாசிமினி குழுவினர், தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து மூளைப் பரப்பை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டின் எதிரொலியைச் சுமார் 60 எலெக்ட்ரோடுகள் பதிவு செய்கின்றன. பதிவைக் கணினிக் கோப்பைச் சுருக்குவதுபோல் சுருக்கிப் பார்க்கிறார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் எதிரொலி தட்டிய இடத்திலேயே எழுந்து அடங்கும், அல்லது எங்கும் ஒரே மாதிரி அலையாகப் பரவும். இரண்டும் நன்றாகச் சுருங்கும். விழித்த மூளையில் ஒவ்வொரு பகுதியும் தன் பாணியில் பதில் தரும், சுருங்காது. இந்தச் சிக்கலளவு 2013-இல் வெளியானது. 0.31-க்கு மேல் என்றால் பிரக்ஞை உண்டு என்பது பின்னால் வகுத்த எல்லை.

அழகான சோதனை 2015-இல் வந்தது. மூன்று மருந்துகளில் எதைக் கொடுத்தாலும் ஆள் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை. ப்ரோபோஃபாலிலும் செனான் வாயுவிலும் அளவு விழுந்தது. எழுந்தவர்கள் எதுவும் நினைவில்லை என்றார்கள். கெட்டமைனில் அளவு விழித்தவர்போலவே நின்றது. எழுந்தவர்கள் நீண்ட, துல்லியமான கனவுகளைச் சொன்னார்கள். வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்திருக்கிறது, உள்ளே அனுபவம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்லாமை வேறு, பிரக்ஞையின்மை வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான தட்டுகளின் சராசரியும், பெரிய சுருளும், அசையாத தலையும் தேவை. ஆபரேஷன் தியேட்டருக்குள் இது நுழைவது இப்போதைக்கு நடக்காது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து, டாக்டர்கள் பேசியது கேட்டதுபோல் எனக்கு நினைவு வருகிறது. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். யாரிடம் சொல்வது? – திண்டுக்கல் வாசகி

உங்களுக்கு மயக்கம் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து நினைவு வருவது வழக்கத்துக்கு மாறானதில்லை. அதனால்தான் ஒரே நாள் கேட்டு விடாமல் மறுபடி கேட்க வேண்டும் என்கிறோம். நாங்கள் கேட்கும் கேள்விகள் ஐந்து: தூங்கும் முன் கடைசியாக நினைவிருப்பது எது? விழித்ததும் முதலில் நினைவிருப்பது எது? இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா? கனவு கண்டீர்களா? ஆபரேஷனில் மிகவும் மோசமாக இருந்தது எது? விடைகளை நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்ட சொற்கள், அசைய முடியாத உணர்வு, வலி இருந்ததா என்பது உட்பட. மயக்கச் சீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய மருந்து அளவும் நாடியும் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நேரம் அது ரெக்கவரி அறையில் கேட்ட பேச்சாக இருக்கும். சில நேரம் நிஜமாகவே நடு விழிப்பாக இருக்கும். எதுவானாலும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, மல்லாந்து படுக்கப் பயப்படுவது, ஆஸ்பத்திரி வாசனையில் படபடப்பு இவை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த ஆபரேஷனுக்கு முன் இந்தத் தாளை மயக்க டாக்டர் கையில் கொடுங்கள்.